டெக்சாஸில் ஒரு பழைய துக்கம்

அமெரிக்காவில் எனக்கு இரண்டு காரியங்கள் இருந்தன. நியூ ஜெர்சியில் ஒரு பல்கலைக்கழகம் மிங் காலத்துச் சீனாவைப் பற்றிப் பேச அழைத்திருந்தது. அது எல்லோருக்கும் சொன்ன காரணம். மற்றது என் மனைவி கமலாவின் முதலாண்டுத் திதி. எங்கள் ஒரே மகன் சேகரன் டெக்சாஸில் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் பொறியாளன். தாயின் சாவுக்கு அவன் வரவில்லை. என் தம்பி மகன் கொள்ளி வைத்தான். திதியையாவது மகன் கையால் கொடுக்கச் செய்துவிட வேண்டும் என்று, சொற்பொழிவைச் சாக்காக வைத்துக்கொண்டு புறப்பட்டேன்.

அவன் வராததற்குக் காரணம் இருந்தது. கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கொள்வார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எண்ணெய் விலை வீழ்ந்து, அவனுடைய அலுவலகத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சிலரை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வேலை போனால் கார்டும் போகும். இதையெல்லாம் அவன் தொலைபேசியில் சொன்னபோது ஒவ்வொரு சொல்லும் எதிரொலியோடு இரண்டு முறை கேட்டது. சரி என்றேன்.

நியூவார்க் விமான நிலையத்தில் என் பெட்டி வரவில்லை. வேறு ஊருக்குப் போய்விட்டது, இரண்டு நாளில் வரும் என்று கருப்பினப் பெண் ஒருத்தி மிகுந்த பரிவோடு சொல்லி, ஒரு பல் துலக்கியும் சீப்பும் அடங்கிய பையைக் கொடுத்தாள். நம் ஊரில் பெட்டி தொலைந்தால் தொலைத்தவர் நம்மைத்தான் திட்டுவார். இங்கே மன்னிப்புக் கேட்கிறார்கள். பெட்டி மட்டும் வருவதில்லை.

என்னை அழைத்துப்போக வந்தவர் பல்கலைக்கழக நூலகத்தின் சீனப் பிரிவில் பணிபுரியும் திரு. லூ. என்னைவிட மூத்தவர். புரட்சிக்கு முன்பே நாட்டைவிட்டு வந்தவர். ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்தபடி காரோட்டினார். இறங்க வேண்டிய கிளைச்சாலையைத் தவறவிட்டார். அந்த நெடுஞ்சாலையில் திரும்ப வழி கிடையாது, அடுத்த கிளைச்சாலை வரும்வரை போய்த்தான் ஆகவேண்டும். இருபுறமும் எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகள், அழுகிய முட்டை நாற்றம், கோபுர உயரத்தில் எரியும் தீ. "வழி தவறினாலும் சுங்கம் கட்டவேண்டும். அந்த விஷயத்தில் நியாயமான நாடு" என்றார் லூ.

மறுநாள் பேராசிரியர் ஒருவரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பேசினேன். கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. கேட்க வந்தவர்கள் கொஞ்சம்தான். பாதிப்பேர் காகிதக் குவளையில் காபியோடு வந்திருந்தார்கள். நான் பேசியது என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொண்ட ஒரு மனிதரைப் பற்றி.

யாங்ட்சி நதிக்கரைப் படைவீரர் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே மாகாணத் தேர்வில் தேறி, இளைஞராகத் தலைநகர் சென்று, படிப்படியாக உயர்ந்து முதன்மை அமைச்சரானார். பேரரசர் அப்போது பத்து வயதுப் பிள்ளை. அமைச்சரே ஆசிரியர். பிள்ளை ஓர் எழுத்தைத் தவறாக வாசித்தால் அமைச்சரின் குரல் உயரும், அரியணையில் இருப்பவன் நடுங்குவான். நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தார். சிதறிக்கிடந்த வரிகளை ஒன்றாக்கி வெள்ளியில் கட்டவைத்தார். சோம்பேறி அதிகாரிகளை நீக்கினார். காலியாக இருந்த கருவூலமும் களஞ்சியமும் நிறைந்தன. அந்த அரசவம்சத்தில் அவருக்கு நிகரான நிர்வாகி இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து ஊரில் அமைச்சரின் தந்தை இறந்தார். மகன் அவரைப் பார்த்து ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பெற்றோர் இறந்தால் அதிகாரி பதவியைத் துறந்து, ஊருக்குப் போய் இருபத்தேழு மாதம் துக்கம் காக்க வேண்டும் என்பது சட்டம். அமைச்சரானாலும் விலக்கு இல்லை. இவர் போகவில்லை. பேரரசரே போகவேண்டாமென்று கட்டளையிட்டார் என்பது அரசாங்கப் பதிவு. அந்தக் கட்டளையை இவரே ஏற்பாடு செய்துகொண்டார் என்பது எதிரிகளின் பேச்சு. மகன் என்று சொல்லத் தகுதியற்றவர் என்று எழுதிய அதிகாரிகளை அரண்மனை வாசலில் குப்புறக் கிடத்தித் தடியால் அடித்தார்கள். ஒருவரின் உடலிலிருந்து பிய்ந்து விழுந்த சதைத்துண்டை அவர் மனைவி உப்பிட்டுப் பதப்படுத்தி வைத்திருந்தாளாம். அமைச்சர் வீட்டில் துக்க உடையும் அலுவலகத்தில் சாதாரண உடையுமாக வேலை செய்தார். சம்பளத்தை மறுத்தார். ஆனால் சில மாதங்களில் பேரரசருக்குத் திருமணம் வந்தபோது சிவப்புப் பட்டு அங்கி அணிந்து முன்னால் நின்றார். அதை ஊர் மன்னிக்கவில்லை. அவர் செத்தபின் பேரரசரும் மன்னிக்கவில்லை. பட்டங்களைப் பிடுங்கி, வீட்டுக்கு முத்திரை வைத்தார்கள். உள்ளே அகப்பட்டவர்கள் பட்டினியில் செத்தார்கள். மூத்த மகன் தூக்கிட்டுக்கொண்டான்.

என் நூலில் அந்த மனிதரைப் பற்றிய தீர்ப்பைக் கடுமையாகவே எழுதியிருக்கிறேன். அன்றும் அதைத்தான் வாசித்தேன்.

இரவு உணவு லூ வீட்டில். மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். எனக்காக மாமிசம் தொடாத சட்டியில் சோயாக் கட்டியும் கீரையும் சமைத்திருந்தார். சோறு நம் வீட்டுக் குழைந்த சோறு போலவே இருந்தது. கமலாவைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். மகன் வந்தானா என்று கேட்டார். வர இயலவில்லை என்றேன். அவர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரையை வைத்தார்.

பிறகு தன் கதையைச் சொன்னார். அவருடைய தாய் இறந்த செய்தி ஹாங்காங் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துசேர மூன்று ஆண்டுகள் ஆயினவாம். துக்கத்தை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்று அவருக்குக் குழப்பம். பழைய விதிப்படி, கேட்ட நாளிலிருந்துதான். "நூலகத்தில் மூன்று ஆண்டுகளாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், திடீரென்று நான் கருப்புத் துணி கட்டிக்கொண்டு வந்ததும், நேற்று இறந்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். எனக்கு நேற்றுதான்."

பெட்டி வந்துசேர்ந்த அன்று டெக்சாஸுக்குப் புறப்பட்டேன்.

ஹூஸ்டன் விமான நிலையத்துக் கதவுக்கு வெளியே காலை வைத்ததும் நம் சித்திரை மாதம் முகத்தில் அடித்தது. சேகரன் இளைத்திருந்தான். காலில் விழுந்தான். எழுந்தபோது இருவரும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வீடிருக்கும் சுகர் லேண்டுக்குப் போகும் வழியெல்லாம் ஃப்ரீவேயைப் பற்றியும் போக்குவரத்தைப் பற்றியும் பேசினான். அவர்கள் தெருவில் வரிசையாக வீடுகளின் முன் விற்பனைப் பலகைகள் நட்டிருந்தன. சில வீடுகளின் சாவியை வங்கியிடமே கொடுத்துவிட்டு ஆட்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள் என்றான். புல் மட்டும் யாருமில்லாத வீடுகளின் முன்னால் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

மருமகள் வசந்தி மெக்சிகோ ரொட்டியைச் சூடாக்கிச் சப்பாத்திக்குப் பதிலாகப் போட்டாள், நன்றாகவே இருந்தது. பேத்தி நித்யாவுக்கு ஆறு வயது. நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். கூடத்துச் சுவரில் குடும்பப் படங்களுக்கு நடுவே கமலாவின் படம் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்திருந்தபோது கடற்கரையில் காற்றில் கூந்தல் பறக்க எடுத்தது. மாலை இல்லை, பொட்டில்லை, விளக்கில்லை. இந்த நாட்டு வழக்கம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

திதி செவ்வாய்க்கிழமை. ஹூஸ்டனுக்குத் தெற்கே உள்ள கோயிலில் குருக்களிடம் சொல்லியாயிற்று என்றான் சேகரன். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை, இவ்வூர்த் தமிழர்கள் டாக்டர் ஒருவரின் வீட்டில் கூடுகிறார்கள், நான் சீன அமைச்சரைப் பற்றிச் சிறிது நேரம் பேச வேண்டும் என்றான்.

ஞாயிறன்று காரில் வசந்தி, "மாமா, அங்க ஒரு விஷயம்…" என்று தொடங்கினாள். சேகரன், "வசந்தி, எக்ஸிட்டப் பாரு" என்றான். அவள் வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வந்திருந்தது. புளியோதரை, பிசிபேளா, அலுமினியத் தாளில் மூடிய வடை. செருப்புகள் வாசலில் குன்றாகக் குவிந்திருந்தன. டாக்டரின் மனைவி மங்கை கும்பகோணத்துக்காரர், கமலா இங்கே வந்திருந்தபோது பழகியவர். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு விரைந்து வந்தார்.

"வாங்க அங்கிள். ஆன்ட்டி எப்படி இருக்காங்க? ஏன் கூட்டிட்டு வரல? அவங்க இடிச்சுக் குடுத்துட்டுப்போன ரசப்பொடிய வச்சு ஒரு வருஷம் ஓட்டினேன் நான்."

விசாரிக்கும் குரலில் இரக்கம் இல்லை, உற்சாகம் இருந்தது. இந்தப் பெண்ணுக்குத் தெரியாது என்பது ஒரு கணத்தில் விளங்கியது. அவள் பின்னால் நின்றவர்களும் அதே முகத்தோடு என் பதிலுக்காகச் சிரித்தபடி காத்திருந்தார்கள். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. சேகரன் கூடத்தின் மறுகோடியில் ஐஸ் பையைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றான். தண்ணீர் அவன் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இதற்குமுன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், பள்ளித் தலைமையாசிரியரின் அறை வாசலில்.

"நல்லா இருக்காம்மா" என்றேன். அது போதாதென்று தோன்றியது. "முழங்கால் வலிதான். அவ்வளவு தூரம் உட்கார முடியாதுன்னுட்டா."

சாப்பாட்டுக்குப்பின் பேசினேன். துக்கச் சட்டத்தை விளக்கியதும் ஒருவர் எழுந்தார். "இருபத்தேழு மாசம் லீவா? எனக்கு மூணு நாள்தான் சார் குடுத்தான். அதுல ரெண்டு நாள் ஃப்ளைட்லயே போச்சு." எல்லோரும் சிரித்தார்கள். "பேசாம சீனாவுல பொறந்திருக்கலாம்" என்றார் இன்னொருவர். அவர் மனைவி, "அங்கயும் நீங்க மாமியார் சாவுக்குத்தான் லீவு கேப்பீங்க" என்றதும் மறுபடி சிரிப்பு. அப்போது பின்வரிசையிலிருந்து மங்கையின் கணவர் கேட்டார்.

"அது சரி அங்கிள், பெத்த அப்பன் செத்ததுக்கே போகலைன்னா, அவன் எவ்வளவு பெரிய மந்திரியா இருந்தா என்ன? அவன் என்ன மனுஷன்?"

என் நூலின் கடைசி இயலில் அதற்குப் பதில் இருக்கிறது, அச்சிட்ட பதில். சேகரன் சுவரோரம் நித்யாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அதைத் தீர்மானிக்க நம்மிடம் போதிய சான்று இல்லை" என்றேன்.

புறப்படும்போது மங்கை ஓர் அட்டைப்பெட்டியை என் கையில் திணித்தார். மின்சாரத்தில் சூடாகும் மெத்தைத் துண்டு, முழங்காலில் கட்டிக்கொள்ள. கடைக்குப் போய்வந்திருக்கிறார். விலைச்சீட்டைக் கிழித்திருந்தார். "ஆன்ட்டிகிட்ட மங்கை குடுத்தான்னு சொல்லுங்க. மெட்ராஸ் வோல்டேஜுக்கு ஒரு கன்வெர்ட்டர் மட்டும் போட்டுக்கணும்."

காரில் அது என் மடியில் இருந்தது. நித்யா உறங்கிவிட்டாள். நான் கேட்கவில்லை. சேகரனே பேசினான், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொன்னா வீட்டுக்கு வருவாங்கப்பா. சமைச்சு எடுத்துட்டு வருவாங்க. எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க, எப்ப ஃப்ளைட்டுன்னு. இங்க எல்லாரும் போயிருக்காங்க. வேலை போனாலும் பரவால்லன்னு போனவங்க இருக்காங்க. நான் போகலன்னு எப்படிச் சொல்றது? முதல் நாள் சொல்லல. ரெண்டாவது நாள் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு வாரம் ஆனப்புறம் முடியவே முடியாது."

வசந்தி மெல்ல, "பொங்கல் விழாவுக்கு இவர்தான் மாமா முன்னால நின்னு எல்லாம் பண்ணினார். பட்டு வேட்டி கட்டிக்கிட்டு" என்றாள். குற்றம் சாட்டும் குரல் அன்று. ஓர் ஆண்டாக ஒருவரிடமும் சொல்ல முடியாததைச் சொல்லும் குரல்.

மிங் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவு உண்டு. துக்கத்தை மறைத்தல். தடியடியும் பதவி நீக்கமும் தண்டனை. நான் அமைச்சர் மேல் எவ்வளவோ குற்றம் சாட்டியிருக்கிறேன், இதைச் சாட்டியதில்லை. அவர் மறைக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகிறோம் அல்லவா?" என்று கேட்டேன்.

"மங்கை அக்கா செவ்வாய்க்கிழமை கோயில் கிச்சன்ல இருப்பாங்கப்பா. வீட்டுலயே பண்ணிக்க முடியாதா?"

குருக்கள் வார நாட்களில் வீட்டுக்கு வருவதில்லை என்று அவனே முன்பு சொல்லியிருந்தான். வேறு குருக்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரு தகப்பனாக என்ன சொல்லவேண்டுமோ அதைச் சொன்னேன்.

"அப்படியானால் அதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிடு."

காரை வீட்டு முன்னால் நிறுத்தியபின், "சரிப்பா" என்றான்.

திங்கட்கிழமை அவன் அலுவலகத்திலிருந்து சீக்கிரமே வந்தான். கைகால் கழுவிக்கொண்டு சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்தான். நான் கூடத்தில் இருந்தேன், அவன் முதுகு தெரிந்தது. தொலைபேசியின் சுருள்கம்பியைக் கையில் சுற்றிச் சுற்றி, விரல்கள் வெளுத்துவிட்டன.

"அக்கா, சேகர் பேசறேன்… அம்மா போயிட்டாங்கக்கா."

மறுமுனையிலிருந்து எழுந்த ஓசை எனக்கே கேட்டது. பிறகு ஒரு கேள்வி. அவன் நெற்றியைச் சுவரில் சாய்த்தான்.

"இன்னிக்குக் காலைல. மெட்ராஸ்லேருந்து போன் வந்துச்சு… ஹார்ட்டுதான்… ஆமா, அப்பா இங்கதான் இருக்காரு."

எழுந்து அவன் கையிலிருந்து தொலைபேசியை வாங்கியிருக்கலாம். வசந்தி என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அந்தச் சட்டப்பிரிவின் கடைசி வரி அப்போது நினைவுக்கு வந்தது. பழைய துக்கத்தைப் புதிய துக்கமாகச் சொல்பவனுக்கும் மறைத்தவனுக்குரிய அதே தண்டனை. வகுப்பில் அந்த வரியைப் படிக்கும்போது மாணவர்கள் சிரிப்பார்கள், அப்படி யார் சொல்வார்கள் என்று. விடுப்பு வாங்கச் சொல்வார்கள் என்று விளக்கம் கொடுப்பேன். நூலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் செருப்புகள் குவிந்தன. ஞாயிறன்று சிரித்த அதே மனிதர்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று தயிர்சாதமும் ரசமும் வந்தன. யாரோ கடற்கரைப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, மேசைமேல் வைத்து, தோட்டத்து ரோஜாவைப் பறித்துக் கட்டி மாலை போட்டார்கள். வசந்தி விளக்கேற்றினாள். ஓர் ஆண்டுக்குப்பின் அந்த வீட்டில் கமலா இறந்தாள்.

சேகரன் படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதான். அதில் நடிப்பு எதுவும் இல்லை. வாயைத் திறந்து, மூச்சுத் திணறி, பிள்ளைப் பிராயத்தில்கூட நான் கேட்டிராத குரலில் அழுதான். டாக்டர் அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நித்யா ஆங்கிலத்தில் தாயிடம் கேட்டாள், பாட்டி மறுபடியும் இறந்துவிட்டாளா என்று. வசந்தி அவளைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்விட்டாள். யார் காதிலும் விழவில்லை, அல்லது விழுந்தவர்கள் குழந்தைப் பேச்சென்று விட்டுவிட்டார்கள்.

"எப்ப ஃப்ளைட்டு?" என்று கேட்டார் டாக்டர்.

"புதன்கிழமை. அப்பாவும் நானும்" என்றான் சேகரன். கார்டு சென்ற மாதம் வந்திருந்தது; அந்தக் கேள்விக்கு அவனிடம் இப்போது பதில் இருந்தது.

மறுநாள் கோயிலுக்குப் போகவில்லை. சாவுத்தீட்டோடு கோயிலுக்குள் நுழையக்கூடாது என்று குருக்களுக்கு மங்கையே தொலைபேசியில் சொல்லிவிட்டார். குருக்களிடம் சேகரன் நாளும் நேரமும் மட்டுமே சொல்லிவைத்திருந்தான்; எதற்காக வருவதாக இருந்தோம் என்று மங்கையும் கேட்கவில்லை, அர்ச்சனைக்கென்று நினைத்திருப்பார். திதி நாள் அப்படியே கடந்துபோனது. எந்த நாளுக்காக நான் இத்தனை தூரம் வந்தேனோ அந்த நாளில், ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்த கூடத்தில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அன்று பிற்பகல் மங்கை மறுபடி வந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. என் நாற்காலியின் அருகே தரையில் உட்கார்ந்தார்.

"முந்தாநாள்தானே அங்கிள் நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்க."

தலையசைத்தேன்.

"இத்தன வருஷம் கூடவே இருந்துட்டு, கடைசி நேரத்துல பக்கத்துல இல்லாமப் போயிட்டீங்களே."

நான் பக்கத்தில் இருந்தேன். எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில், பிற்பகல் வெயிலில், அவள் தலை என் முன்கையில் இருந்தது. தண்ணீர் கேட்டாள். கரண்டியால் கொடுத்தேன். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவது கரண்டித் தண்ணீர் வாயோரம் வழிந்து என் சட்டைக் கையை நனைத்தது. அந்த ஈரம் காயும்வரை நான் கையை எடுக்கவில்லை. அவளோடு வாழ்ந்த வாழ்க்கையில் நான் குறையில்லாமல் செய்த காரியம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அதைத்தான் சொல்வேன்.

எதிரே சேகரன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆமாம்மா" என்றேன். "பக்கத்துல இல்லாமப் போயிட்டேன்."